சூசைராஜின் தென்னமெரிக்க உடும்பு

நாய் வளர்ப்பது காவலுக்கு. ஆடு வளர்ப்பது பிழைப்புக்கு. பல்லி வளர்ப்பதே நாகரிகம். இவ்வுண்மையை வத்தலக்குண்டு சற்றுத் தாமதமாகத்தான் உணர்ந்தது.

அவ்வூர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஆண்கள் அழகு நிலையம் நடத்திவரும் சூசைராஜ், சென்ற தை மாதத்தில் ஒரு வியாபாரியிடம் விலைகொடுத்து வாங்கி ஓர் இகுவானாவுக்கு உரிமையாளரானார். இகுவானா என்பது தென்னமெரிக்காவில் மரத்தின்மேல் வாழும் பச்சை நிறப் பெரும்பல்லி. வத்தலக்குண்டில் அது முகம் பார்க்கும் கண்ணாடியின்மேல் வாழ்ந்தது. அதைத் தோளில் ஏற்றிப் படம் எடுத்துக்கொள்வதற்காகவே பலரும் முடி வெட்ட வந்தார்கள். அவர்களுள் இருவர் முழு வழுக்கையர்.

சட்டம் இது குறித்துத் தெளிவாகவே இருந்தது. நம் காட்டில் பிறந்த உடும்பை வீட்டில் வைத்திருப்பவருக்குச் சிறை. கடல் கடந்து வந்த பல்லியை வைத்திருப்பவருக்குச் சான்றிதழ். சூசைராஜ் முறைப்படி விண்ணப்பித்தார். வனத்துறைச் சரிபார்ப்பு அலுவலர் பேச்சிமுத்து நேரில் வந்து, விண்ணப்பத்தில் ஒட்டியிருந்த படத்தைக் கூர்ந்து நோக்கினார். விலங்கை நோக்கவில்லை, படிவத்தில் அதற்கான கட்டம் இல்லை. ‘நிறம்: பச்சை. பிறப்பிடம்: தென்னமெரிக்கா’ என்று எழுதி முத்திரையிட்டார்.

சித்திரையில் அது தோல் உரித்தது. கன்னிவாடியிலிருந்து கடையின் மாதா படத்துக்குப் பூ கொண்டுவரும் கண்ணம்மாள் அண்ணாந்து பார்த்தார்.

“ஏலே சூசை, உடும்ப எதுக்குடா கண்ணாடி மேல ஏத்தி வச்சிருக்க?”

“அது இகுவானாக்கா. அமெரிக்கா.”

“எந்த அமெரிக்கா? நாக்கப் பாரு, ரெண்டாப் பொளந்திருக்கு. இதோட அண்ணன் தம்பி ஏழெட்டுப் பேரு எங்க தோட்டத்துப் புத்துல கெடக்கு.”

சூசைராஜ் ஈரப்பஞ்சால், இன்னும் உரியாமல் பச்சையாக இருந்த அதன் வாலைத் துடைத்தார். பஞ்சு பச்சையாயிற்று. முப்பது ஆண்டுகளாகப் பிறர் தலைக்குச் சாயம் பூசியவருக்கு இது தெரியாமல் போனது எப்படி? சாயம் கண்ணுக்குத் தெரிந்தாலும் தெரியாதவர்போல் இருப்பதுதான் அத்தொழிலின் தர்மம். அந்தத் தர்மமே அவரைக் கவிழ்த்தது.

சிறைக்கு அஞ்சி, உடும்பைக் கூடையில் வைத்துக்கொண்டு, சாட்சிக்குக் கண்ணம்மாளையும் அழைத்துக்கொண்டு, அவர் அலுவலகம் சென்றார்.

“சார், ஏமாத்திப்புட்டாங்க. இது உடும்பு சார். காட்டுல விட்ருறேன்.”

“உடும்புன்னு ஒத்துக்கிறீங்களா? அப்ப ஏழு வருசம் உள்ள இருக்கணும்,” என்றார் பேச்சிமுத்து.

“அய்யோ, அப்ப இகுவானாதான் சார்.”

“இகுவானாவக் காட்டுல விடப்போறீங்களா? அயல்நாட்டு உயிரை வெளிய விடுறது அதைவிடக் குத்தம்.”

“நான் என்னதான் சார் செய்ய?”

“வெள்ளிக்கிழமை மேலதிகாரி ஆய்வுக்கு வாராங்க. சான்றிதழ்ல பச்சைன்னு இருக்கு. அதுவும் பச்சையா இருக்கணும். அம்புட்டுதான்.”

“சாயம் பூசச் சொல்றீங்களா சார்?”

“நான் அப்படிச் சொல்லலை. சான்றிதழுக்கு இணங்க நடக்கச் சொல்றேன்.”

கண்ணம்மாளுக்குப் பொறுக்கவில்லை. “என்னய்யா கூத்து இது? எங்க அப்பன் காலத்துல இருந்து இந்தச் சாதி உடும்பு எங்க தோட்டத்துல கெடக்கு!”

பேச்சிமுத்து பேனாவைத் திறந்தார். “ஏம்மா, சான்றிதழ்படி இது தென்னமெரிக்கா. இதோட உறவுக்காரங்க உங்க தோட்டத்துல இருந்தா அதுகளும் தென்னமெரிக்கா. பதிவு செஞ்சீங்களா? எங்க, ஆதார் அட்டையக் குடுங்க.”

வாங்கிப் பார்த்தார். “படத்துல முடி கறுப்பு. உங்களுக்கு வெள்ளை. இது யாரு?”

“நாந்தேன். பத்து வருசத்துக்கு முந்தி எடுத்தது.”

“அப்ப அதே மாதிரி வாங்க. வெள்ளிக்கிழமை.”

வியாழன் மாலை சூசைராஜ் இரண்டு கிண்ணங்களில் சாயம் கலந்தார். மஞ்சளும் அவுரியும் பச்சைக்கு. மருதாணியும் அவுரியும் கறுப்புக்கு. முதல் நாற்காலியில் உடும்பு கிடந்தது. இரண்டாவதில், அந்நிலையத்தின் வரலாற்றில் முதல் பெண்மணியாகக் கண்ணம்மாள் அமர்ந்திருந்தார். மூன்றாவதில் கழுத்தைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு பேச்சிமுத்து வந்து உட்கார்ந்தார்.

“சார், உங்களுக்குமா?”

“அடையாள அட்டையில மீசை கறுப்பா இருக்கு,” என்றார் அவர், கண்ணாடியைப் பாராமல்.

“ஏன்யா, ஒனக்கு எந்த நாடு?” என்று கேட்டார் கண்ணம்மாள். அலுவலர் ஈர மீசையை விரலால் சுட்டிக் காட்டினார்.

வெள்ளியன்று மேலதிகாரி வந்தார். மூவரையும் மூன்று படங்களோடு ஒப்பிட்டு, ‘யாவரும் ஆவணங்களுக்கு இணங்கவே உள்ளனர்’ என்று பதிவு செய்து, சூசைராஜின் கையைக் குலுக்கினார். குனிந்தபோது அவருடைய வகிட்டில் ஓர் அங்குலம் வெளுத்திருந்ததைச் சூசைராஜ் கண்டார். தொழில் தர்மப்படி ஒன்றும் சொல்லவில்லை.

சிறை இப்போதைக்கு இல்லை. ஆயினும் அவருக்கு உறக்கம் வருவதில்லை. உடும்பு மீண்டும் தோல் உரிக்கும்; அன்று அதன் உண்மை நிறம் வெளிவந்துவிடும். நம்மில் வேறு எவருக்கும் அந்த அபாயம் இல்லை.