சம்பாகலி கட்டிய கூரைப்புடவை

சோம்பேறிகள்தான் புது வழிகளைக் கண்டுபிடிக்கிறார்கள். அந்த வழியில் முதலில் போய் விழுவதும் அவர்களே. நாள் தவறாமல் நாட்குறிப்பு எழுதும் என்னிடம், அறுபதுகளில் ஒரு தை மாதத்துக்கு மட்டும் பக்கங்கள் இல்லை. (எழுதினேன். கிழித்துவிட்டேன்.)

அப்போது நான் போர்ட் பிளேரில் ஒரு சரக்கு அலுவலகக் குமாஸ்தா. லம்பா லைனில் வாடகை அறை, நடு அந்தமான் ரங்கத்தில் நிச்சயித்த பெண். மெயின்லேண்ட் கப்பலோடு வரும் சரக்குப் பட்டியலில் முதலில் பொருள், அடுத்துப் பெறுபவர், கடைசியில் ஊர் இருக்கும். எங்கள் தீவுப் படகுக்காரர்களுக்கோ ஊர், பெயர், பொருள் என்ற வரிசைதான் வேண்டும். மூட்டையில் எழுதிய பெயர்கள் கப்பல் ஈரத்தில் அழிந்திருக்கும் என்பதால் பட்டியல் சொல்வதே சட்டம். அதை மறுபடி டைப் அடிப்பது என் வேலை.

அந்த முறை கப்பல் தாமதம். மறுநாள் படகில் நானே கல்யாணத்துக்குக் கிளம்ப வேண்டும். பட்டியலை மேலிருந்து கீழாக மூன்று துண்டுகளாகப் பிளேடால் வெட்டினேன். தலைப்புகளைக் கத்தரித்து எறிந்தேன். துண்டுகளை இடம் மாற்றி மைதாப் பசையால் ஒட்டினேன். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. கடைசிப் பெயருக்கு நேரே மட்டும் பொருள் இல்லை. அனுப்பியவரின் கவனக்குறைவை நொந்துகொண்டு 'விவரம் இல்லை' என்று எழுதினேன்.

சரிபார்த்தாயா என்று தலைமைக் குமாஸ்தா படா பாபு கேட்டார்.

"படிக்கவே வேண்டாம் சார். ஒரு எழுத்துகூட மாறலை, இடம்தான் மாறியிருக்கு."

படகு முதலில் லாங் ஐலண்டில் நின்றது. காட்டிலாகா யானை முகாமுக்கு ஒரு தகரப்பெட்டி இறங்குவதை மேல்தட்டிலிருந்து பார்த்தேன். ஜாக்கிரதையாக இறக்கச் சொல்லிக் குரலும் கொடுத்தேன்.

ரங்கத்தில் மாமனாருக்கு மளிகைக் கடை. பூர்வீகம் திருநெல்வேலி. என் அம்மா ஊரிலிருந்து கூரைப்புடவையை அவர் பெயருக்கே அனுப்பியிருந்தாள். உறவினர்களும் பக்கத்து வீட்டு வங்காளிகளும் சூழ்ந்திருக்க, வந்த மூட்டையைப் பிரித்தார். உள்ளே கட்டுக்கட்டாக மூக்கணாங்கயிறு. குடியேறியவர்களின் உழவு மாடுகளுக்காக விவசாய டிப்போ வரவழைத்தது.

மாமனார் ஒன்றை எடுத்து இழுத்துப் பார்த்தார். "கயிறு மஜ்பூத்தாத்தான் இருக்கு. மாப்ளே, இது பொண்ணுக்கா, ஒங்களுக்கா?"

மாமியார் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டுப் புடவை இல்லாமல் பெண்ணை மணையில் உட்காரவைக்க முடியாது என்றார். முகூர்த்தம் நாளை மறுநாள். அடுத்த கப்பலுக்குள் தை முடிந்துவிடும். என்னைப் போன்றவனுக்குப் பெண் கொடுப்பதைப் பற்றி நிதானமாக யோசிக்க அவர்களுக்கு நேரமும் கிடைத்துவிடும்.

தப்பு கப்பல்காரர்களுடையது என்று நிரூபிக்க, நான் ஒட்டிய பட்டியலைப் படகுக்காரரிடமிருந்து வாங்கி விரித்தேன். கடைசி வரி ஏன் காலியானது என்று அப்போதுதான் புரிந்தது: பொருள் துண்டில் தலைப்போடு முதல் பொருளையும் கத்தரித்திருந்தேன். மற்றதெல்லாம் ஒரு வரி மேலே ஏறி, ஒவ்வொருவருக்கும் அடுத்தவர் பொருள். யானை முகாமுக்கு நேரே, அம்மா புடவை வைத்து அனுப்பிய தகரப்பெட்டி.

மறுநாள் விடிந்ததும் மைத்துனரோடு டோங்கிப் படகில் லாங் ஐலண்ட் போனேன். அன்று குடியரசு தினம். பள்ளி மைதானத்தில், என் அரக்குநிறப் பட்டுப்புடவையை முதுகில் போர்த்திக்கொண்டு, சம்பாகலி என்ற பெண்யானை கொடிக்கம்பத்துக்கு எதிரே நின்றது.

"சங்கிலிதான் கேட்டிருந்தேன் பாபு, ரேஷம் வந்திருக்கு," என்றார் பாகன். "சர்க்காருக்கு யானை மேல இப்பத்தான் பிரியம் வந்திருக்கு."

தேசிய கீதம் முடியும்வரை என் கல்யாணப் புடவைக்கு எதிரே நான் விறைப்பாக நின்றேன். பிறகு நடந்ததைச் சொல்லி, சங்கிலியைத் தேடித் தருவதாக வாக்குக் கொடுத்து, புடவையைக் கழற்றி வாங்கினோம்.

மாமியார் மூக்கைப் பொத்திக்கொண்டார். பெண் பகவதி மட்டும் புடவையை வாங்கி முகர்ந்தாள். "யானை வாசனைதானே. ஒருநா வெயில்ல போட்டாப் போயிரும்," என்றாள்.

போகவில்லை. அதோடுதான் தாலி கட்டினேன்.

இன்றும் கல்யாணப் படத்தை யாராவது பார்த்தால், "நான் இவுகளுக்கு ரெண்டாந்தாரம். இந்தப் பொடவைய மொதல்ல கட்டுனவ லாங் ஐலண்ட்ல இருந்தா," என்று ஆரம்பித்துவிடுவாள். எங்கள் பிள்ளைகள் எந்த யானையைப் பார்த்தாலும் 'பெரியம்மா' என்று கும்பிட்டே வளர்ந்தார்கள்.