தூக்கக் கேப்டன் கேட்ட கேள்வி

திருவண்ணாமலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு விழிப்பைத் தேடித்தான் வருவார்கள். எனக்குத் தெரிந்து, தூங்குவதற்காகவே இந்த ஊருக்கு வந்த ஒரே மனிதர் தூக்கக் கேப்டன்தான்.

தொண்ணூறுகளின் கடைசி. செங்கம் ரோட்டில் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் நான் புக்கிங் கிளார்க். இரண்டு வேன், மூன்று அம்பாசிடர், ஐந்து டிரைவர், ஒரு முதலாளி. எங்கள் ஆபீசுக்கு மேலே இருந்த மாடி அறைக்கு ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் குடிவந்தார். கையில் ஒரு பெட்டி, கக்கத்தில் இரண்டு தலையணை. உள்ளே போய்த் தாழ் போட்டவர் இரண்டு நாள் வெளியே வரவில்லை. பெரிய மகான், நிஷ்டையில் இருக்கிறார் என்று தெருவில் பேச்சு. ஒரு ஜெர்மன்கார அம்மாள் அவர் வாசலில் பூ வைத்துவிட்டே போய்விட்டார். மூன்றாம் நாள் வீட்டு ஓனரம்மா பயந்துபோய்க் கதவை இடித்தார்.

"யாருங்க? தூங்கிட்டிருக்கேன்" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

"ரெண்டு நாளாவா?"

"ரெண்டு வருஷத்துப் பாக்கிங்க."

தனியார் விமானக் கம்பெனி ஒன்றில் பைலட்டாக இருந்தவர் என்று பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து தெருவுக்கு அவர் தூக்கக் கேப்டன்.

எந்த வண்டியில் ஏறினாலும் டிரைவரிடம் அவர் ஒரு கேள்வி கேட்பார். ஒருமுறை வேலூர் போக அவரோடு பஸ் ஸ்டாண்டு போயிருந்தேன். முதல் பஸ் டிரைவரின் ஜன்னலண்டை நின்று, "சார், நேத்து எத்தனை மணி நேரம் தூங்கினீங்க?" என்றார்.

"யோவ், நீ இன்னா என் பொண்டாட்டியா?"

கேப்டன் கோபித்துக்கொள்ளாமல் அடுத்த பஸ்ஸுக்குப் போனார். அந்த டிரைவர் கொட்டாவி விட்டபடியே, "எட்டு மணி நேரம்" என்றார். அதுவும் வேண்டாமென்று மூன்றாவது பஸ். வேலூருக்குப் போய்ச் சேர்ந்தபோது, நாங்கள் போன வேலைக்கான ஆபீசைப் பூட்டிவிட்டிருந்தார்கள்.

தன் கதையை ஒருநாள் டீ குடித்துக்கொண்டே சொன்னார். நாலு ஊர் ஓட்டிவிட்டு ஐந்தாவது ஊருக்குப் போய்க்கொண்டிருந்தபோது கண் அசந்துவிட்டது. திடுக்கென்று விழித்துப் பக்கத்தில் பார்த்தால் கோ-பைலட்டும் தூங்குகிறார்.

"எவ்ளோ நேரம் சார்?"

"அதாம்பா தெரியல. அஞ்சு நிமிஷமோ, பதினஞ்சோ. பின்னாடி நூறு பேர் உப்புமா சாப்ட்டுட்டிருந்தாங்க."

பத்திரமாகத்தான் இறக்கினார். ஆனால் நடந்ததை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டார். 'லேசான சோர்வு' என்று மாற்றி எழுதும்படி கம்பெனி கேட்டது. மாட்டேன் என்றார். ஒரு பயணத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் விமான நிலைய நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற நேரத்தையெல்லாம் கம்பெனி ஓய்வு என்றே எழுதிவந்தது. கேன்டீனில் அதைப்பற்றித் தினமும் புலம்பிய நண்பர்கள், அவர் நீட்டிய மனுவில் கையெழுத்துப் போடச் சொன்னபோது பேனா இல்லை என்றார்கள். பேனா அவரே கொடுத்தாராம். அப்புறம் கண்ணாடி இல்லை என்றார்களாம். வேலையை விட்டுவிட்டார்.

சும்மா இருக்க முடியாமல் எங்கள் டிரைவர்களுக்கு ஓய்வு அட்டவணை ஒன்று போட்டு ஆபீஸ் சுவரில் ஒட்டினார். எட்டு மணி நேரம் தூங்காதவனுக்குச் சாவி கிடையாது. வெள்ளைக்காரப் பயணிகள் அதைப் படம் பிடித்துக்கொண்டு போனதால் முதலாளி முதலில் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். கூட்டம் ஜாஸ்தியாகிற கார்த்திகை மாசம் வந்தது. சிரிப்பு கம்மியாகிவிட்டது.

"டீக்கடையில அரை மணி நேரம் குந்திக்கினு இருந்தானே, அது ரெஸ்ட் இல்லாம இன்னா?" என்று முதலாளி கத்தினார்.

கேப்டன் டிரைவர்கள் பக்கம் திரும்பினார். கீழ்பென்னாத்தூர் ஏழுமலைதான் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "சார், நீங்க நல்லதுக்குத்தான் சொல்றீங்க. ஆனா ட்ரிப்பு போச்சுன்னா பேட்டாவும் போச்சுங்களே."

அட்டவணையை முதலாளி சொல்லி நான்தான் கிழித்தேன். அதற்குப் பிறகும் கேப்டன் தினமும் இறங்கி வந்து, "அவரு தூங்கினாராப்பா?" என்று ஒவ்வொரு டிரைவரைப் பற்றியும் என்னிடம் விசாரிப்பார். "தூங்கினாரு சார்" என்பேன். வணக்கம் சொல்வதுபோல அந்தப் பொய் எனக்குப் பழகிவிட்டது.

ஒருநாள் கேப்டனுக்குச் சென்னையிலிருந்து கடிதம். பைலட்டுகளின் ஓய்வு விதிகளை மாற்றுவதற்காக ஒரு குழு போட்டிருக்கிறார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு நேரில் வந்து சொல்லலாம். யாருமே கேட்காததைக் கடைசியில் யாரோ கேட்கிறார்கள் என்று குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். தடித்த ஃபைல் ஒன்று தயார் செய்தார். எங்களிடமே கார் சொன்னார்.

அன்று காலை ஏழு மணிக்கு மிச்சமிருந்தது ஏழுமலை மட்டும்தான். திருப்பதி போய்விட்டு ஆறு மணிக்குத்தான் வந்து இறங்கியிருந்தான்.

"தூங்கினாராப்பா?"

"நல்லா தூங்கினாரு சார்."

ஏழுமலை என்னைப் பார்த்தான். நான் டிரிப் ஷீட்டைப் பார்த்தேன்.

செஞ்சிக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி சாலையை விட்டு இறங்கியது. நேரே ஒரு புளியமரம். கேப்டன் பின்சீட்டிலிருந்து பாய்ந்து ஸ்டியரிங்கை வளைத்ததால் வண்டி பக்கத்து மணிலாக் கொல்லைக்குள், கடலைச் செடிகள் மேல் போய் நின்றது. ஏழுமலைக்கு நெற்றியில் நாலு தையல், கேப்டனுக்குக் கையில் சிராய்ப்பு.

போன் வந்ததும், அப்போதுதான் டிரிப் முடித்து வந்த வேறொரு காரில் செஞ்சி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அடி பலமில்லை, தூங்கவிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஏழுமலை வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். தலைமாட்டில் ஸ்டூல் போட்டுக் கேப்டன் உட்கார்ந்திருந்தார். யாராவது சத்தமாகப் பேசினால் உதட்டில் விரல் வைத்தார்.

மணி பத்தரை. "சார், இப்ப கிளம்பினாக்கூட மூணு மணிக்குப் போயிடலாம். வண்டி நிக்குது" என்றேன்.

"அந்த டிரைவர் தூங்கினாராப்பா?"

இந்த முறை பொய் வாயில் வரவில்லை. "இல்லைங்க சார்."

தலையாட்டினார்.

"பஸ்ஸாவது புடிச்சிடலாம் சார்."

"நான் எழுந்து போனா உங்க முதலாளி இவரை எழுப்பிடுவாரு. சாயங்காலம் டிரிப்பு இருக்குன்னு ரெண்டு தரம் போன் பண்ணிட்டாரு. இவரு தானா எந்திரிக்கட்டும்."

"சார், மூணு மணிக்கு உங்க கமிட்டி..."

"அங்க பேச வேற ஆள் இருப்பாங்கப்பா."

இல்லை. ஆள் இருக்கவில்லை. அன்று கம்பெனிக்காரர்கள் மட்டும் பேசினார்கள் என்றும், விதிகள் பழையபடியே நீடிக்கும் என்றும் ஒரு வாரம் கழித்துப் பேப்பரில் சின்னதாகப் போட்டிருந்தது. ஏழுமலை அன்று இரண்டரை மணிக்கு எழுந்து, கேப்டனைப் பார்த்ததும் அழுதான். "பசிக்குதா?" என்றுதான் கேட்டார்.

அன்று காலை அந்தப் பொய்யைச் சொல்லாமல் இருந்திருந்தால் அவர் பஸ்ஸிலாவது போயிருப்பார். ஆஸ்பத்திரியில் இன்னொரு பொய் சொல்லியிருந்தாலும் ஒருவேளை போயிருப்பார். எதை எங்கே சொல்வது என்று தெரியாத கிளார்க்காக இருந்துவிட்டேன். இத்தனைக்கும் அவர் ஒருநாளும் என்னிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. மாடிப்படியில் எதிர்ப்படும்போதெல்லாம் தொண்டை வரைக்கும் வரும். "வெயில் ஜாஸ்தி சார்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

பங்குனியில் அறையைக் காலி செய்தார். பெட்டியை நான்தான் பஸ் ஸ்டாண்டுக்குத் தூக்கிப்போனேன். அங்கேயாவது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். கேப்டன் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். பஸ் கிளம்பியது. ரவுண்டானா வரைக்கும் அதன் பின்னாலேயே நடந்து போனேன்.