மூப்பர்கள் எங்கள் வீட்டுக்கு வந்துபோன விவரம்

என் மரியாதைக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய அண்ணன் அவர்களுக்கு,

தங்கை பணிவுடன் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். ஒருவர் விசுவாசத்தோடும், மற்றவர் அது இல்லாமலும். அண்ணியின் முழங்கால் வலி குறைய வேண்டுமென்று தினமும் ஜெபிக்கிறேன். என் வீட்டுக்காரரும் விசாரித்தார். ஜெபிக்கவில்லை, விசாரித்தார்.

உங்கள் கடிதம் புதன்கிழமை வந்தது. நம் மார்மன் சபை ஊழியத்துக்கு அனுப்பியிருக்கும் இளம் மூப்பர்கள் இருவரும், சபையை விட்டு விலகியவர்களின் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவதாகப் புகார் வந்திருக்கிறது என்றும், யார் எப்போது வந்தார்கள் போனார்கள் என்று நோட்டில் குறித்து வைப்பவள் நான் என்பதால் சனிக்கிழமைக்குள் உண்மையை எழுத வேண்டும் என்றும், அதைப் பார்த்து இருவரையும் பிரித்து வேறு வேறு ஊருக்கு மாற்றுவீர்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். வேதத்தை எழுத்துக் கூட்டி வாசித்தே மிச்சப் படிப்பைப் படித்தேன். எனக்குப் பொய் எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மூப்பர் என்று சட்டையில் கறுப்புப் பட்டை குத்தியிருக்கிறார்களே தவிர, வயது பத்தொன்பதுதான். இரண்டு பேர் மீசையையும் சேர்த்தாலும் ஒரு மீசை தேறாது. உயரமானவனை நெட்டை என்றும் மற்றவனைப் பொடியன் என்றும் இந்தத் தெருவில் சொல்வார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகள், நம் மொழியைப் புத்தகத்தில் படித்ததால், "அம்மையாரே, தங்கள் இல்லத்தில் அமைதி நிலவுகிறதா?" என்று கேட்பார்கள். நிலவுகிறது என்று வாசலில் நின்றே பதில் சொல்வேன். பெண் தனியாக இருக்கும் வீட்டுக்குள் அவர்கள் காலெடுத்து வைக்கக் கூடாது என்பது நம் சட்டம், அதை நான் மீறியதில்லை. இரண்டு மாதம், மத்தியான வெயிலில், வாசற்படிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர்கள். ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, அரை மணி நேரம் பொறுமையின் மகிமையைப் பற்றிப் பேசி அனுப்புவேன். அவர்கள் முகம் சிவந்துகொண்டே போனதை நோட்டில் குறிக்கவில்லை.

அப்புறம்தான் அந்த லிஃப்ட் நின்றது. ஒன்பது மாடிக் கட்டடத்தில் கதவு கதவாகத் தட்டலாம் என்று இருவரும் ஏறியிருக்கிறார்கள். நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. லிஃப்ட் பழுதுபார்க்கப் போனவர் உங்கள் மைத்துனர், என் வீட்டுக்காரர்தான். "யாருப்பா உள்ள?" என்று கேட்டாராம். "நாங்கள் இரட்சிப்பின் செய்தியைக் கொண்டு வந்திருக்கிறோம்" என்று பதில் வந்ததாம். "சரி, முதல்ல நீங்க வெளிய வாங்க" என்றாராம். மாற்றவேண்டிய சாமான் பட்டறையிலிருந்து வர இரண்டரை மணி நேரம் ஆகிவிட்டது. உள்ளே பொடியன் அழ ஆரம்பித்துவிட்டான். இவர் ஐந்தாவது மாடித் தரையில் குப்புறப் படுத்து, இடுக்கில் வாயை வைத்து, நம் சபையில் சின்னப் பிள்ளைகள் பாடும் பாட்டு ஒன்றைக் கடைசிவரை பாடியிருக்கிறார். சபையை விட்டு விலகி ஆறு வருஷம் ஆன மனுஷன். நான் எத்தனை முறை பாடச் சொன்னேன்! தொண்டை சரியில்லை என்பார்.

அன்று இருவரையும் நேரே வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார். "உள்ள வாங்கப்பா, அவ வாசல்லயே நிக்கவெச்சுக் காயப்போட்டுட்டா" என்றார். எனக்கு எப்படி இருந்திருக்கும்! விசுவாசியான நான் இரண்டு மாதம் திறக்க முடியாத கதவை, விசுவாசம் இல்லாதவர் வீட்டில் இருப்பதாலேயே திறக்க முடிந்தது. பொடியனின் ஷூவைக் கழற்றிப் பார்த்தால் அடிப்பாகம் பாதியைக் காணோம். அந்த ஷூவுக்கு முன்னால் நின்றுதான் அத்தனை நாளும் பேசியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு செவ்வாயும் வியாழனும் வந்தார்கள். இவருக்குத் தோழர் ஒருவர், தையற்காரர், அவரும் விலகியவர்தான். இரண்டு பேரும் உட்கார்ந்து காப்பி குடிப்பார்கள். நம் சபையில் காப்பி கூடாது என்பதால் நான் மூக்கை மூடிக்கொண்டு சமையலறையில் இருப்பேன். மூப்பர்கள் வர ஆரம்பித்ததும், பிள்ளைகள் மனசு சங்கடப்படக் கூடாதென்று, மணி அடித்தவுடனே காப்பிக் குடுவையை ஒளித்துவைக்க ஆரம்பித்தார்கள். எங்கே ஒளித்தார்கள் என்று கேளுங்கள். என் துணிக்கூடையில், ஞாயிற்றுக்கிழமை சபைக்குக் கட்டிக்கொண்டு போக மடித்து வைத்திருந்த என் புடவைக்கு அடியில். மூடி சரியாக இல்லை. போன மாதம் என்மேல் காப்பி வாசனை வந்ததாக யாரோ உங்களுக்கு எழுதியிருந்தால், அது உண்மை.

அடுத்தது பாடம். மூப்பர்கள் பாடம் சொல்லிப் பழக ஆள் வேண்டும், தெருவில் ஒருவரும் கதவைத் திறப்பதில்லை. அதனால் இவரும் தையற்காரரும் புதிதாகக் கேட்பவர்கள் மாதிரி கை கட்டி உட்கார்ந்தார்கள். பொடியன் நடுவில் மறந்து நின்றால் இவர் அடுத்த வரியை எடுத்துக் கொடுப்பார். தையற்காரர், "தம்பி, இப்ப நான் ஒரு கேள்வி கேப்பேன். பதில் உன் புத்தகத்துல முப்பத்திரண்டாம் பக்கம். மெதுவாப் பார்த்துச் சொல்லு" என்பார். மூப்பர்களும் கபடமில்லாமல் வாராந்தர அறிக்கையில், 'ஆர்வமுள்ளவர்கள் இருவர், ஆழ்ந்த ஞானம் உடையவர்கள்' என்று எழுதிவிட்டார்கள். உங்கள் அலுவலகத்திலிருந்து உதவியாளர் சந்தோஷமாக ஞானஸ்நானத் தேதி குறிக்க வந்து, வெள்ளை உடைக்கு அளவு கேட்டார். தையற்காரர் தன் அளவைத் தானே எடுத்துச் சொல்லிவிட்டு, "ஏற்கெனவே ஒரு தடவை நனைஞ்சாச்சு சார், காயறதுக்கே நாலு வருஷம் ஆச்சு" என்றார். உதவியாளர் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். புகார் யாரிடமிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை.

இனி எழுதப்போவதுதான் முக்கியம். போன செவ்வாய்க்கிழமை, சாப்பிட்டுக்கொண்டிருந்த பொடியன் தட்டைத் தள்ளி வைத்தான். "ஐயா, ஊழியம் முடியும் முன்பே நான் இல்லம் திரும்பினால், என் தாய் வெட்கம் அடைவாளா?" என்று கேட்டான். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் கரண்டியோடு நின்றேன். 'ஓடிப் போய்விடு, எல்லாம் வெறும் பேச்சு' என்று இவர் சொல்லப்போகிறார், சொன்னவுடன் பாய வேண்டும் என்று தயாராக நின்றேன். இவர் அந்தத் தட்டை மறுபடி அவன் பக்கம் நகர்த்தினார். பிறகு, "போறதுன்னாலும் சரி, இருக்கிறதுன்னாலும் சரி, அது உன் இஷ்டம்பா. ஆனா உங்கம்மா அதை உன் வாயால கேக்கணும். வேற யாரும் முந்திக்கக் கூடாது. திங்கக்கிழமை வீட்டுக்குப் பேசுவே இல்ல? அப்ப சொல்லு" என்றார்.

அண்ணா, உங்களுக்கு நினைவிருக்கும். இவர் விலக நினைத்தபோது, தன் அம்மாவிடம் சொல்வதற்கு முன்பே, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், வழிதவறியவர்களுக்கான ஜெபப் பட்டியலில் இவர் பெயரை வாசித்தீர்கள். என் மாமியார் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். வாசித்தது நீங்கள். பெயரை எழுதிக் கொடுத்தது நான். நல்லெண்ணத்தோடுதான் எழுதினேன், கையெழுத்துகூட அழகாக இருந்தது. இவர் இன்றுவரை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இருந்தாலும் சட்டம் சட்டம்தான். ஆகவே என் கருத்தைக் கேட்டால், இரு மூப்பர்களையும் உடனே மாற்றிவிடுவதும், விலகியவர்கள் வீட்டுக்கு இனி எந்த மூப்பரும் போகக் கூடாது என்று உத்தரவு போடுவதும்தான் முறை. அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு என் ஆசிகள். ஆண்டவர் உங்கள் முழங்காலையும் சேர்த்துக் காப்பாராக.

இப்படிக்கு,
சொன்ன சொல் தவறாத உங்கள் தங்கை

பின்குறிப்பு: இன்று செவ்வாய்க்கிழமை. கடிதம் சனிக்கிழமையே முடிந்துவிட்டது, மூன்று நாளாகக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் கிடந்தது. நான்தான் போடவில்லை. நேற்று நான்கு மணிக்கு மூப்பர்கள் வந்தார்கள், பொடியன் எங்கள் வீட்டிலிருந்து தன் அம்மாவுக்குப் போனில் பேச வேண்டிய நேரம். அந்த நேரம் பார்த்து இவரை அவசரமாக ஒரு லிஃப்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் தனியாக இருக்கிற வீட்டுக்குள் அவர்கள் எப்படி வருவது? மேசையில் தண்ணீர் வைத்தேன், நாற்காலியை இழுத்துப் போட்டேன், அவர்களை உள்ளே போகச் சொல்லிவிட்டு நான் வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தேன். சட்டம் ஒன்றும் மீறப்படவில்லை. எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "என்னம்மா, வீட்டுக்காரர் துரத்திட்டாரா?" என்றார். "இல்லைங்க, பிள்ளை அவங்கம்மாகிட்ட பேசிக்கிட்டிருக்கான்" என்றேன். நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். பொடியன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, "என் தாய் அழுதாள், அம்மையாரே. பின்பு, உணவருந்தினாயா என்று வினவினாள்" என்றான். இருப்பதா போவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. முடிவு செய்ததும் உங்களுக்கு அவனே எழுதுவான். அதுவரை யாரையும் எங்கேயும் மாற்ற வேண்டாம். மேலே என் வீட்டுக்காரர் கூப்பிட்டார், உட்காரவைத்தார், சாப்பாடு போட்டார் என்று வருகிற இடத்திலெல்லாம் 'நான்' என்று திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். எனக்குப் பொய் எழுத வராது. நேற்றிலிருந்து அது உண்மை.