டீச்சரம்மாவின் மாடு

டீ கிளாஸை எடுத்த பிறகுதான் ஓவியர் பார்த்தார், ஆகாயத்தில் ஒரு வட்டம் விழுந்திருந்தது.

அது சூரியனும் இல்லை, நிலாவும் இல்லை. பழுப்பு நிறத்தில், அளவெடுத்தாற்போல் ஒரு வட்டம். முப்பது வருஷமாகத் தூரிகை பிடிக்கிற மனிதர், கையால் இவ்வளவு சுத்தமாக ஒரு வட்டம் போட்டதே கிடையாது.

"இங்க வா, சீக்கிரம் வா!" என்று அலறினார்.

மனைவி ஈரக் கையோடு ஓடி வந்தாள். "என்னங்க, தேளா?"

"தேள் கொட்டியிருந்தாக்கூடத் தேவலையே! டீச்சரம்மா படத்து மேல டீயை வச்சுட்டேன்."

"ஏன், மேஜையில வேற இடமா இல்ல?"

"போன் வந்துச்சு. பேசிக்கிட்டே அட்டைன்னு நினைச்சு வச்சுட்டேன்."

அட்டை என்று நினைத்ததில் பெரிய தப்பு இல்லை. காலையில் மனமகிழ் மன்றத்து வாட்ச்மேன் அந்தப் படத்தை இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து, நூல் கட்டித்தான் கொண்டுவந்தார். "டீச்சரம்மா மக வீட்டுக்குப் போயிட்டாங்க சார், நாளைக்குத்தான் வருவாங்களாம். இதை உங்ககிட்ட சேர்த்துடச் சொன்னாங்க" என்று நீட்டிவிட்டு, கேட்டைத் திறந்து போட்டுவிட்டு வந்த கவலையில் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

நாளை கண்காட்சி. மன்றத்து மாடி அறையில் ஓவியர் வாரம் இரண்டு நாள் பெரியவர்களுக்குப் படம் வரையக் கற்றுக்கொடுக்கிறார். மொத்தம் பத்து பேர். ஒன்பது பேருடைய படங்கள் நேற்றே வந்துவிட்டன. பத்தாவது இது.

பத்து என்பது சும்மா வந்த கணக்கு இல்லை. மன்றத்துச் செயலாளர் போன மாதமே கறாராகச் சொல்லிவிட்டார்: "பத்து பேர் இருந்தா வகுப்பு. ஒருத்தர் குறைஞ்சாலும் அறை கேரம் ஆடறவங்களுக்கு." கேரம் ஆடுகிறவர்கள் அன்றிலிருந்து மாடிப்படியில் நின்று தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

ஓவியருக்கு அந்த இரண்டு நாள்தான் உயிர். மற்ற ஐந்து நாளும் அவர் கடைப் பலகைக்கு எழுத்து எழுதுவார், பிறந்தநாள் வீட்டுக்குச் சுவரில் கரடி போடுவார். யாரும் பெயர் கேட்க மாட்டார்கள். அந்த மாடியில்தான் அவரைப் பத்து பேர் "மாஸ்டர்" என்று கூப்பிடுகிறார்கள். அதைக் கேட்டுவிட்டு வருகிற நாளில் அவர் வீட்டில் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிடுவதாக மனைவி சொல்வாள்.

டீச்சரம்மாவோ சாதாரண ஆள் இல்லை. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருமுறை வங்கியில் வரிசையை மீறி முன்னால் போனவரைப் பார்த்து, 'ம்' என்று ஒரே ஒரு சத்தம்தான் கொடுத்தார். அந்த மனிதர் வரிசையின் கடைசிக்குப் போய் நின்றதோடு கையையும் கட்டிக்கொண்டார். அப்பேர்ப்பட்டவர் கோபித்துக்கொண்டு போனால் மிச்சம் ஒன்பது பேர். ஒன்பது என்றால் கேரம்.

"ஈரத் துணியால ஒத்தி எடுத்தா போயிடும்" என்றார் ஓவியர்.

ஒத்தி எடுத்தார். வட்டம் அப்படியே இருந்தது. ஆகாயம்தான் துணியோடு வந்துவிட்டது.

"வாட்டர் கலருங்க அது! நீங்கதானே ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கறீங்க?"

"பதட்டத்துல மறந்துட்டேன். அந்த இடத்துல மட்டும் கொஞ்சம் நீலம் கொடுத்தா சரியாப் போயிடும்."

கொடுத்தார். புது நீலம் பழைய நீலத்துக்கு நடுவில் ஒட்டுப் போட்ட சட்டை மாதிரி துருத்திக்கொண்டு நின்றது. சரி என்று ஆகாயம் முழுக்க அடித்தார். இப்போது ஆகாயம் பளிச்சென்று இருந்ததில் கீழே இருந்த ஆறு சாக்கடையாகத் தெரிந்தது. ஆற்றையும் அடித்தார். ஆறு ஓட ஆரம்பித்ததும் மலை அழுக்காகிவிட்டது. மலையைத் தொட்டபோது, இத்தனை தண்ணீர் குடித்த காகிதம் அப்பளம் மாதிரி நாலு பக்கமும் எழும்பிவிட்டது.

"அயர்ன் பாக்ஸ் இருக்கா?" என்றார்.

"வேண்டாங்க, சொன்னாக் கேளுங்க."

"எல்லா ஓவியரும் பண்றதுதான். மேல ஒரு துணியைப் போட்டு இளஞ்சூட்டுல லேசாத் தேய்ச்சா நிமிர்ந்துடும்."

இளஞ்சூடு எந்த எண்ணில் இருக்கிறது என்று அவர் பார்க்கவில்லை. அது காலையில் பருத்திச் சேலைக்குப் போட்ட சூடு. துணியைத் தூக்கியபோது அதோடு மாடும் வந்துவிட்டது. மாடு நின்ற இடத்தில் ஒரு ஓட்டை, ஓட்டை வழியாக மேஜை.

மனைவி குனிந்து ஓட்டைக்குள் ஒரு விரலை விட்டுப் பார்த்தாள்.

"மாடு இருந்துச்சா இதுல?" என்று மெதுவாகக் கேட்டாள் மனைவி.

ஓவியர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "இனிமே இதுக்கு உயிர் கிடையாது. நானே புதுசா ஒண்ணு போட்டு வைக்கப் போறேன்."

"கண்டுபிடிச்சுட மாட்டாங்களா?"

"லிஸ்டுக்காக அட்டையைப் பிரிச்சதும் போன்ல போட்டோ எடுத்தேன். அச்சு அசலாப் போட்டுடறேன். முப்பது வருஷ சர்வீஸ், இந்தப் படம் எனக்கு வராதா?"

போனை நிமிர்த்தி வைத்துக்கொண்டு படத்தை முதல் தடவையாக ஒழுங்காகப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. ஆறு மலை மேல் ஏறிக்கொண்டிருந்தது. படகு வீட்டைவிடப் பெரிதாக இருந்தது. மரம் கவிழ்த்து வைத்த துடைப்பம். மாட்டுக்கு நாலு கால்களும் ஒரே பக்கத்தில் இருந்தன. முகத்தில் ஏதோ ஒரு சிரிப்பு வேறு.

"எட்டு மாசமா நான் கத்துக் கொடுத்ததுக்கு இதுவா பலன்? இந்தப் பச்சையைப் பாரேன். இப்படி ஒரு பச்சையை நான் என் வகுப்புல காட்டினதே இல்ல!"

"திட்டாம வரைங்க. மணி பன்னிரண்டாகுது."

டீச்சரம்மாவின் காகிதம் நன்றாகப் பழுத்துப்போய் இருந்தது. பள்ளிக்கூடத்தில் மிஞ்சியதை எடுத்து வைத்திருப்பார், சிக்கனக்காரர் என்று ஓவியர் நினைத்துக்கொண்டார். நல்ல வேளையாக அவர் வீட்டுப் பரணில் கிடந்த ஒரு பழைய காகிதக் கட்டுக்குள் அதே மாதிரி பழுத்த தாள்கள் கிடைத்தன. தூசியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார்.

ஒரு மணி நேரத்தில் முதல் படம் முடிந்தது. மனைவி எட்டிப் பார்த்தாள்.

"அடடா, ரொம்ப அழகா இருக்குங்க!"

"போச்சு!" என்று தாளைக் கசக்கினார்.

இரண்டாவது படத்தில் ஆற்றைக் கஷ்டப்பட்டு மலை மேல் ஏற்றிவிட்டார். ஆனால் கை அவரை மீறி, ஏறுகிற ஆற்றுக்கும் ஒரு நியாயம் கற்பித்து அருவியாக்கிவிட்டது. மூன்றாவதை இடது கையால் போட்டார்.

"எப்படி?" என்று ஆவலோடு கேட்டார்.

"கை நடுங்கற பெரிய ஓவியர் ஒருத்தர் போட்ட மாதிரி இருக்கு."

"ஐயோ!"

நாலாவதைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டார். அது நவீன ஓவியமாகிவிட்டது. அதையாவது விற்கலாம் என்றாள் மனைவி.

"உனக்கு விளையாட்டா இருக்கு. இப்படி மோசமா வரையறதுக்குத் தனியா ஒரு வரம் வாங்கிட்டு வரணும். எனக்கு அது வரல" என்றார் ஓவியர். "நாளைக்கு அந்தம்மா வந்து 'என் மாடு எங்க'ன்னு கேட்டா நான் என்ன சொல்வேன்? கேரம்காரங்க போர்டைத் தூக்கிட்டு மேல வந்துடுவாங்க."

மனைவிக்கும் பாவமாகிவிட்டது. "முதல்ல சாப்பிடுங்க. வயிறு காய்ஞ்சா கையும் ஓடாது."

சாப்பிட்டார். அசதியில் நாற்காலியிலேயே கண்ணயர்ந்தார். சாயங்காலம் ஐந்து மணிக்கு எழுந்து, பாதித் தூக்கத்தில், போனைக்கூடச் சரியாகப் பார்க்காமல் தூரிகையை எடுத்தார். இப்போது எப்படியோ கை தானாக ஓடியது. ஆறு முனகாமல் மலை ஏறியது. படகு வீங்கியது. எந்தெந்த நிறத்தையோ தொட்டுக் குழைத்ததில் அந்தப் பாழாய்ப்போன பச்சை முதல் தடவையிலேயே வந்துவிட்டது. கடைசியாக மாடு. நாலு கால்களையும் ஒரே பக்கத்தில் இறக்கி, முகத்தில் சிரிப்பை வைத்து முடித்தபோது அவருக்கே லேசாக உடம்பு சிலிர்த்தது.

மனைவி போனையும் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "ரெட்டைப் பிள்ளைங்க! எது டீச்சரம்மாவோடது எது உங்களோடதுன்னு சத்தியமாத் தெரியல."

"அவ்வளவு மோசமாவா இருக்கு?"

"அவ்வளவு மோசமா இருக்கு."

ஓவியர் மகிழ்ச்சியில் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். கிழிந்துபோன படத்தையும் கசக்கிய தாள்களையும் சுருட்டி, மறுநாள் காலை குப்பை வண்டியில் தன் கையாலேயே போட்டார். வண்டி தெரு முனை திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

கண்காட்சி பதினோரு மணிக்குத் தொடங்கியது. ஓவியர் அந்தப் படத்தைத் தூணுக்குப் பின்னால், மின்விசிறி சுவிட்சுக்குப் பக்கத்தில் மாட்டி, கீழே டீச்சரம்மாவின் பெயர்ச் சீட்டை ஒட்டியிருந்தார். ஆனால் செயலாளருக்கு வியர்த்தது. விசிறியைப் போட வந்தவர் சுவிட்சில் கை வைத்தபடியே நின்றுவிட்டார்.

"மாஸ்டர், இங்க வாங்க. இதை ஏன் ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

"ஒளிக்கலையே சார், இடம் இல்ல."

"மத்த ஒன்பது படத்தையும் பாருங்க. எல்லாம் உங்க படம் மாதிரியே இருக்கு. அதே மரம், அதே தண்ணி. இது ஒண்ணுலதான் உங்க சாயல் துளிக்கூட இல்ல. இந்த மாட்டைப் பாருங்க, என்ன தைரியம்! முதல் பரிசு இதுக்குத்தான்."

ஓவியர் பதறிப்போய்ப் படத்துக்கு முன்னால் வந்து நின்றார். "சார், பரிசெல்லாம் எதுக்கு? கண்காட்சிதானே?"

"நான் ஒண்ணு முடிவு பண்ணிட்டேன்னா பண்ணினதுதான்" என்று செயலாளர் அந்தப் படத்தைக் கழற்றிக்கொண்டு போய், அறைக்கு நட்ட நடுவில் மாட்டினார். மைக்கையும் பிடித்து அறிவித்துவிட்டார். "பரிசு பெறும் ஓவியத்தைப் பத்தி மாஸ்டர் ரெண்டு வார்த்தை பேசுவார்!"

கூட்டம் திரும்பியது. கேரம்காரர்களும் கதவோரம் நின்றிருந்தார்கள். ஓவியர் மைக்கை வாங்கிக்கொண்டார். பொய் சொல்லக்கூடாது என்று மட்டும் நினைத்துக்கொண்டார்.

"இந்த மாதிரி ஒரு மாட்டை... நான் யாருக்கும் கத்துக் கொடுத்தது இல்லைங்க. கத்துக் கொடுக்கவும் முடியாது. இது ஒரு கைக்கு மட்டும்தான் வரும். நானே ஒருநாள் முழுக்க உட்கார்ந்தாலும் லேசுல வராது."

கைதட்டல் அடங்கும்போது வாசலில் டீச்சரம்மா நின்றிருந்தார். ரயிலிலிருந்து நேரே வந்திருக்கிறார். ஒரு கையில் பயணப் பை, இன்னொரு கக்கத்தில் செய்தித்தாள் சுற்றிய தட்டையான ஏதோ ஒன்று. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நடுவில் தொங்கிய படத்தை உற்றுப் பார்த்தார். கீழே ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டைப் பார்த்தார். பிறகு நிதானமாக ஓவியரைப் பார்த்தார்.

செயலாளர் பரிசுக் கோப்பையோடு முன்னால் வந்தார். ஓவியர் அவரை முந்திக்கொண்டு ஓடினார். இனிமேல் மறைத்துப் பயன் இல்லை, கணக்கு டீச்சர் கண்ணிலிருந்து எது தப்பும்?

"அம்மா, எவ்வளவு வேணும்னாலும் திட்டிடுங்க, வாங்கிக்கிறேன்" என்றார் தாழ்ந்த குரலில். "கோபத்துல வகுப்பை மட்டும் விட்டுடாதீங்க. உங்க படத்தை நான்..."

"நான் எதுக்கு மாஸ்டர் வகுப்பை விடணும்? என் படம் இதோ கக்கத்துல இருக்கு, எங்க மாட்டணும்னு கேட்கத்தான் ஓடி வர்றேன்" என்றார் டீச்சரம்மா, செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டே. "அது, இருபத்தாறு வருஷத்துக்கு முன்னாடி உங்க முதல் கண்காட்சியில நான் உங்ககிட்ட வாங்கின படமாச்சே, கையெழுத்துப் போட மறந்துட்டீங்க, போட்டு வைங்கன்னு வாட்ச்மேன்கிட்ட கொடுத்து விட்டா, என் பேரை எழுதி வச்சிருக்கீங்க?"