நான் நடத்திய போரில் மூன்று முறை மூடுபனி

இருபத்திரண்டு வயது வரை என்னை நேர்மையான ஆள் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். அதுவரை யாரும் என் கையில் அதிகாரம் எதையும் தராததுதான் காரணம்.

2007-இல் கும்மிடிப்பூண்டியில் ஒரு வால்வு கம்பெனியில் டிரெய்னியாக இருந்தேன். சேர்த்துவிட்டவர் அங்கே ஃபிட்டராக இருந்த என் அண்ணன் வேலு. வேலை நிரந்தரமாக மேனேஜர் கையெழுத்துப் போட வேண்டும். அந்த மேனேஜருக்கோ, ஆபீஸ்காரர்களும் தொழிலாளிகளும் கூடிப் பழக ஒரு விளையாட்டு நடத்த ஆசை. புதுவாயல் பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்து வைத்திருந்த போர் விளையாட்டு விதிகளை நீட்டினேன். (யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை.)

ஞாயிற்றுக்கிழமை கேன்டீன் மேசைமேல் ஆறு, பாலம், மலை எல்லாம் சாக்பீஸால் வரைந்தேன். நட்டுகள் காலாட்படை, போல்ட்டுகள் குதிரைப்படை. ஒரு பக்கம் ஆபீஸ் படைக்கு மேனேஜர், எதிர்ப்பக்கம் தொழிலாளர் படைக்கு அண்ணன். இருவரும் கட்டளையைச் சீட்டில் எழுதி என்னிடம் ரகசியமாகத் தர வேண்டும். இரண்டையும் படித்து, தாயக்கட்டையை உருட்டி, களத்தில் என்ன நடந்தது என்று அறிவிப்பவர்தான் கேம் மாஸ்டர். அதாவது நான். மழை, வெள்ளம், பனி எல்லாம் நான் சொன்னால் வரும். (கழுத்தில் விசில் வேறு. விதிகளில் விசிலே கிடையாது.)

அரை மணி நேரத்தில் அண்ணன் படை பாலத்துக்கு வந்துவிட்டது. மேனேஜர் முகம் சுருங்கியது. என் கண்ணுக்குக் கையெழுத்தில்லாத என் வேலை உத்தரவு தெரிந்தது.

"மூடுபனி. தொழிலாளர் படை நகர முடியாது" என்றேன்.

அடுத்த முறையும் மூடுபனி. மூன்றாவது முறையும்.

"இன்னாடா, பனி எங்க பக்கம் மட்டும் எறங்குது?" என்றார் அண்ணன்.

"விதி அப்படிண்ணா."

"சீட்டு ரெண்டையும் சத்தமா படி. எல்லாரும் கேக்கட்டும்."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சுற்றி நின்றவர்கள் பார்த்த பார்வையில் படித்துவிட்டேன். அண்ணன் சீட்டில், "பாலத்தத் தாண்டு. பனி வந்தா மேனேஜர் சாரக் கேளு" என்றிருந்தது. சிரிப்பு அடங்குவதற்குள் மேனேஜர் சீட்டையும் அதே வேகத்தில் படித்தேன்: "தோற்பதுபோல் இருந்தால் காலாட்படையைப் பாலத்தில் நிறுத்திவிட்டு, தளபதி மட்டும் பின்வழியாக வெளியேறவும்."

பின்னாலிருந்து ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளி நிதானமாகச் சொன்னார்: "இத்தப் படிக்கணுமா தம்பி? டெய்லி பாத்துக்கினுதான கீறோம்."

என் பயிற்சிக் காலம் இன்னொரு வருடம் நீண்டது. அன்று அண்ணன்தான் பைக்கில் என்னை வீட்டுக்குக் கூட்டிவந்தார். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும், "சோத்துக்கு மட்டும் எம் பக்கம் வந்துட்ற" என்றார்.

போன மாதம் அண்ணன் பிள்ளைகள் இருவரும் கடைசி அதிரசத்துக்குச் சண்டை போட்டார்கள். பிரித்துத் தரலாமென்று கையை நீட்டினேன். சின்னவள் தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"சித்தப்பா வேணாம். அவுரு மேனேஜர் ஆளு."

அவளுக்கு வயது ஏழு. போர் நடந்தபோது அவள் பிறக்கவே இல்லை.