வெனிஸ் குடியரசு, துபாய் கிளை

நாட்டுக்காக உயிரைக் கொடுப்பேன் என்று மேடையில் முழங்கியவர்களை நான் ஏராளமாகப் பார்த்திருக்கிறேன். முழங்கி முடித்து, சோடா குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். செத்துப்போன நாட்டுக்கு உயிர் கொடுக்கக் கிளம்பிய ஒரே மனிதரை நான் பார்த்தது துபாயில். பாஸ்போர்ட்டில் அவருக்கு நீளமாக ஏதோ ஒரு பெயர் இருந்தது. நாங்கள் எல்லோரும் கூப்பிட்டது 'ரிபப்ளிக்'.

எழுபதுகளின் தொடக்கம். துபாயில் புதுத் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்தார்கள். திருநெல்வேலியிலிருந்து பம்பாய் போய், அங்கிருந்து கப்பலேறி, மனைவி செல்லத்தையும் ஒரு பம்ப் ஸ்டவ்வையும் அழைத்துக்கொண்டு வந்து சேர்ந்திருந்தேன். டிராயிங் ஆபீசில் எனக்கு வேலை. ரிபப்ளிக் பைலிங் போர்மேன். கடலுக்குள் கம்பம் இறக்குகிறவர். ஐம்பத்தைந்தைத் தாண்டிய ஆள், நரைத்த மீசை, வெயிலில் வெந்து தோலுரிந்த மூக்கு. தொழிலில் சூரர். "எங்க ஊரே கம்பத்து மேலதான் நிக்குது, எனக்கா சொல்லித்தர்றே?" என்று என் படத்தைப் பார்த்து உறுமுவார். ஊர் வெனிஸ்.

வெனிஸ் என்றால் இத்தாலி என்றுதானே நீங்களும் நானும் நினைப்போம்? முதல் நாளே அதை வாய்விட்டுக் கேட்டுத் தொலைத்தேன்.

"நீங்க இத்தாலிக்காரரா சார்?"

டீ கிளாஸை டக்கென்று மேசையில் வைத்தார். "இத்தாலி மாஃபி!" மாஃபி என்றால் அரபியில் இல்லை என்று அர்த்தம். "வெனிஸ்! ரிபப்ளிக்!" என்று ஆரம்பித்தவர், சைட் சங்கு ஊதும் வரை நிறுத்தவில்லை. இங்கிலீஷ், நாலைந்து வார்த்தை அரபி, பைலிங் ஆட்களிடம் பொறுக்கிய ஹிந்தி மூன்றையும் சேர்த்துப் பிசைந்து பேசுவார். விஷயம் இதுதான். ஆயிரம் வருஷத்துக்கு மேல் ராஜா இல்லாமல், கப்பலை மட்டும் நம்பி வாழ்ந்த குடியரசு அது. கடைசியில் ஒரு பிரெஞ்சுத் தளபதி படையோடு வந்து நின்றான். சபையில் இருந்த பெரிய மனிதர்கள் வெலவெலத்துப் போய், 'இனி எங்களுக்கு நாடு வேண்டாம்' என்று தாங்களே ஓட்டுப் போட்டுக் கலைத்துவிட்டு ஓடிவிட்டார்கள். அப்புறம் கைமாறிக் கைமாறி ஊர் இத்தாலியில் போய் விழுந்தது.

இதெல்லாம் நடந்து நூற்றெழுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ரிபப்ளிக் சொல்லும்போது போன செவ்வாய்க்கிழமை நடந்தது மாதிரி இருக்கும். அந்தத் தளபதியின் பெயரைச் சொல்லவே மாட்டார். சொல்லவேண்டிய இடத்தில் துப்புவார்.

"இல்லாத நாட்டுக்கு எதுக்கு சார் இவ்வளவு சத்தம்?" என்பேன் நான். இதை ஒரு தரம் இல்லை, வாய் அரிக்கும்போதெல்லாம் கேட்டிருக்கிறேன். அன்று சாயங்காலம் வரை என்னோடு பேசமாட்டார். அப்புறம் அவரே வந்து, குரலை இறக்கிச் சொல்வார். "கேளு. வெளியிலிருந்து யாராவது ஒருத்தர் 'ஆமாம், உன் குடியரசு இருக்குது'ன்னு சொல்லணும். ஒரே ஒருத்தர். எங்க தாத்தா கேட்காமலே செத்தார், எங்கப்பாவும் கேட்காமலே செத்தார். நான் கேட்டுட்டுத்தான் சாவேன்." கல்யாணம் ஆகவில்லை, பிள்ளை குட்டி இல்லை. அவருக்கு இருந்த ஒரே குடும்பக் கவலை இதுதான்.

அவருடைய பிறந்தநாள் ஒன்றுக்கு மெஸ்ஸில் கோவாக்கார சமையல்காரர் பிரியமாக மக்ரோனி செய்து வைத்தார். ரிபப்ளிக் தட்டைத் தள்ளிவிட்டார். "ரோமாபுரிக்காரன் தின்கிறதை எனக்குப் போடுறியா? நாங்க அரிசி! அரிசியும் மீனும்!" எனக்கு ஆச்சரியம். வெள்ளைக்காரர் ஒருவர் சோற்றுக்காகச் சண்டை போட்டு அன்றைக்குத்தான் பார்க்கிறேன். கையைப் பிடித்து, துபாயின் பஜார்ப் பகுதியான தேராவில் காக்கா வீட்டுக்கு அழைத்துப் போனேன்.

காயல்பட்டினத்தில் அண்ணனைக் காக்கா என்பார்கள். தேரா பஜாரில் துணிக்கடை வைத்திருந்த அந்தக் காயல்பட்டினத்துக்காரர் தமிழ் பேசுகிற அத்தனை பேருக்கும் காக்காதான். சீலா மீன் குழம்பை நாலு தரம் வாங்கி ஊற்றிக்கொண்ட ரிபப்ளிக், காக்காவின் ஊர்ப் பெயரைக் கேட்டதும் எழுந்தே நின்றுவிட்டார். எழுநூறு வருஷத்துக்கு முன்னால் வெனிஸ்காரர் ஒருவர் அதே காயலுக்கு வந்து, முத்தையும் குதிரை வியாபாரத்தையும் பார்த்து எழுதி வைத்திருக்கிறாராம்.

காக்காவுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. "அப்போ நம்ம பழைய கஸ்டமருன்னு சொல்லுங்க தம்பி! இன்னுங் கொஞ்சம் மீன் வைக்கச் சொல்லுதேன்."

அன்றே காக்கா வெனிஸ் குடியரசின் கான்சல் ஆனார். நான் தூதர். இரண்டு பதவிக்கும் சம்பளம் கிடையாது.

இந்தத் தூதர் பதவியால் எனக்குக் கிடைத்த முதல் மரியாதையைச் சொல்கிறேன். தேராவுக்கும் பர்துபாய்க்கும் நடுவில் இருக்கிற கழியைத் தாண்ட 'அப்ரா' என்கிற படகில் போகவேண்டும். எல்லோரும் நடுப்பலகையில் முதுகோடு முதுகு ஒட்டி உட்காருவோம். ரிபப்ளிக் மட்டும் நிற்பார். படகில் நின்றுகொண்டு போவதுதான் வெனிஸ்காரனுக்கு அழகாம். "பைட்டோ பாய், பைட்டோ!" என்று உட்காரச் சொல்லிப் படகுக்காரர் தொண்டை கிழியக் கத்துவார். இவர் மாலுமி மாதிரி அடிவானத்தைப் பார்ப்பார். ஒரு நாள் படகு கரையில் மோதியது. ரிபப்ளிக் என் தோளைப் பிடித்தார், நான் டிபன் கேரியரைப் பிடித்தேன், மூன்று பேரும் தண்ணீருக்குள். எங்கள் இரண்டு பேரை மட்டும் தூக்கினார்கள்.

சொட்டச் சொட்ட வீட்டு வாசலில் நின்ற எங்களைச் செல்லம் மேலும் கீழும் பார்த்தாள். "அவரு நாட்டை மீட்கட்டும். நீங்க போயி என் டிபன் கேரியரை மீட்டுட்டு வாங்க."

பிறகு வந்தது அந்த எழுபத்தொன்றாம் வருஷம். பிரிட்டிஷ்காரன் மூட்டை கட்டினான். பஹ்ரைன் தனி நாடு. அடுத்து கத்தார் தனி நாடு. டிசம்பரில் நாங்கள் இருந்த ஊரே அக்கம்பக்கத்தோடு சேர்ந்து புது நாடாகிவிட்டது. தேரா முழுக்கக் கொடி. ஒரு வெள்ளிக்கிழமை காலை, நான் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது ரிபப்ளிக் வந்து கதவைத் தட்டினார். கண்ணெல்லாம் சிவப்பு.

"பார்த்தியா? முத்துக்குளிச்சு, கப்பல் ஓட்டிப் பிழைச்ச ஊருங்க! ஒரே வருஷத்துல மூணு நாடு! நாலாவது ஏன் பிறக்கக்கூடாது?"

வாயில் பேஸ்ட்டோடு தலையை ஆட்டிவைத்தேன். அவருக்கு இரண்டு மாதத்தில் கான்டிராக்ட் முடிகிறது. அதற்குள் அந்த ஒரு 'ஆமாம்' கிடைத்தாக வேண்டும். புதிதாகப் பிறந்த நாட்டுக்குத்தான் பிறக்கத் துடிக்கிற நாட்டின் அருமை தெரியும் என்பது அவர் கணக்கு.

முதலில் கொடி வேண்டும் அல்லவா? சிவப்புத் துணியில் தங்கச் சிங்கம், அதற்கு இறக்கை, காலடியில் ஒரு புத்தகம். காக்கா கடை வாசலில் மெஷின் போட்டிருந்த டெய்லர் மாஸ்டர் கதையைக் கேட்டு மெஷினை நிறுத்திவிட்டார்.

"சிங்கத்துக்கு றெக்கையா? ஏன் காக்கா, ஆளுக்கு வெயிலு பட்டுருச்சா?"

"தச்சுக் குடுவே. கேட்டது பழைய கஸ்டமரு."

மாஸ்டர் தைத்தார். அவர் ஆயுளில் பார்த்த சிங்கமெல்லாம் தீப்பெட்டிச் சிங்கம். கொடியில் வந்து உட்கார்ந்தது முறுக்கு மீசையோடு ஒரு ஏட்டையா. ரிபப்ளிக் சிங்கத்தின் முகத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. புத்தகத்தைப் பார்த்துத்தான் அலறினார். அது மூடியிருந்தது. புத்தகம் திறந்திருந்தால் சமாதானம், மூடியிருந்தால் யுத்தம் என்பது அவர்கள் ஊர் ஐதீகமாம்.

"போர்ப் பிரகடனம்! துபாய் மேலயா? உப்பிட்ட ஊரு மேலயா?"

மாஸ்டர் அவசர அவசரமாக ஒரு வெள்ளைத் துண்டை வெட்டி, விரித்த பக்கம் மாதிரி புத்தகத்தின் மேல் ஒட்டுப் போட்டார். இப்போது சிங்கம் தலையணை மேல் காலை வைத்துக்கொண்டு நின்றது. சமாதானம் என்றால் அதைவிட என்ன வேண்டும்? ரிபப்ளிக் கொடியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் அழுததை அன்றுதான் முதலில் பார்த்தேன். சிரிக்க வந்த மாஸ்டர்கூட நூலைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார்.

அங்கே ஒரு நல்ல வழக்கம் உண்டு. பெரிய மனிதர்கள் வீட்டில் மஜ்லிஸ் என்று ஒரு கூடம் இருக்கும். யார் வேண்டுமானாலும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகலாம், காப்பி குடிக்கலாம், குறையைச் சொல்லலாம். காக்காவின் கஃபீல், அதாவது அவர் கடைக்கு ஜவாப்தாரியான அரபி, ஒரு கிழவர். அந்தக் காலத்தில் முத்துக்குளிக்கும் கப்பலுக்குத் தலைவராக இருந்தவர் என்பதால் ஊரே அவரை நகுதா என்று கூப்பிடும். அவர் மஜ்லிஸுக்குப் போவது என்று முடிவாயிற்று. ரிபப்ளிக் இங்கிலீஷில் சொல்ல, நான் தமிழில் சொல்ல, காக்கா அரபியில் சொல்லவேண்டும்.

போகிற வழியெல்லாம் காக்கா என் கையைப் பிடித்துப் பிசைந்தார். "தம்பி, இவரு சொல்லுததை அப்படியே சொன்னா என் கடைக்குப் பூட்டு, எனக்குக் கப்பல் டிக்கெட்டு. பதினாறு வருஷ யாவாரம். நீங்க கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க."

"நான் பார்த்துச் சொன்னா என் மூஞ்சியை வச்சே அவரு கண்டுபிடிச்சிருவாரு காக்கா."

கம்பளிக் கோட்டு, கக்கத்தில் கொடி. ரிபப்ளிக் நின்றபடி பேசினார். காப்பிக் கோப்பையை லேசாக ஆட்டிக் காட்டினால்தான் போதும் என்று அர்த்தம். அது தெரியாத மனிதர் ஊற்ற ஊற்றக் குடித்தார், குடிக்கக் குடிக்க ஆவேசம் ஏறியது. ஆயிரம் வருஷத்துச் சரித்திரமும் வந்தது. துப்ப வேண்டிய இடத்தில் கம்பளத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டார். நான் வேர்த்து விறுவிறுத்துத் தமிழாக்கினேன். காக்கா எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டிவிட்டு, அரபியில் ஒரே ஒரு வரி சொன்னார்.

நகுதா தாடியைத் தடவினார். காக்காவைப் பார்த்தார். பிறகு ரிபப்ளிக் பக்கம் திரும்பி, சுத்தமான பம்பாய் ஹிந்தியில் கேட்டார். "கிஷ்தி கே லியே இத்னா பாத்?" ஒரு படகுக்கா இவ்வளவு பேச்சு?

முத்து விற்கிற காலத்தில் வருஷா வருஷம் பம்பாய் போய்வந்தவர் அவர் என்பதைக் காக்கா பயத்தில் மறந்தே போனார். "இவர் படகு விட அனுமதி கேட்கிறார்" என்பதுதான் காக்கா அரபியில் சொன்ன அந்த ஒரு வரி. காக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. என் கால் தன்பாட்டுக்கு வாசலைத் தேடியது.

ரிபப்ளிக் மட்டும் பிரகாசமாகிவிட்டார். ஹிந்தியா? பைலிங் ஹிந்தி கைவசம் இருக்கிறதே! "போட் நை! மேரா முலுக்! சமுந்தர்வாலா முலுக். பஹுத் புரானா. கலாஸ் ஹோ கயா. லேகின் கலாஸ் நை ஹுவா!" என் நாடு, கடலை வைத்துப் பிழைத்த பழைய நாடு, முடிந்துவிட்டது, ஆனாலும் முடியவில்லை. நான் அரை மணி நேரம் மொழிபெயர்த்ததை மனிதர் ஐந்தாறு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

நகுதா கொடியை வாங்கி மடியில் விரித்தார். ஏட்டையாச் சிங்கத்தை உற்றுப் பார்த்தார். "நாட்டை அங்கீகரிக்கிறது என் வேலை இல்லை, அதுக்கு வேற ஆட்கள் இருக்காங்க" என்றார் ஹிந்தியில். ரிபப்ளிக்கின் தோள் தொங்கிவிட்டது. "ஆனா என் கப்பல்ல எந்தத் துணியைக் கட்டறதுங்கிறது என் வேலை. வெள்ளிக்கிழமை வா."

போனோம். செல்லமும் புளியோதரை கட்டிக்கொண்டு வந்தாள். "நாடு பிறக்கிறதை வேற எப்பப் பார்க்கிறது?" என்றாள். பாய்மரத்தின் உச்சியில் புது நாட்டுக் கொடி. அதற்குக் கீழே ரிபப்ளிக்கின் கொடியை நகுதா தன் கையாலேயே ஏற்றினார். கழியைத் தாண்டிக் கடலுக்குள் போனதும் காற்று பிடித்தது. சிங்கம் தலையணையோடு படபடவென்று விரிந்தது. கடலோரத்தில் பிறந்த காக்கா ஓரமாக உட்கார்ந்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்தார். ரிபப்ளிக் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

நகுதா என் பக்கத்தில் வந்தார். என்னைப் படித்த ஆள் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். "சச் போலோ, உண்மையைச் சொல்லு," என்றார். "இப்படி ஒரு நாடு நிஜமாவே இருக்குதா?"

ஹிந்தி அல்லவா? ரிபப்ளிக் திரும்பிவிட்டார். பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்கிற பிள்ளை மாதிரி என் வாயையே பார்த்தார். சரித்திரம் எனக்குத் தெரியும். வரைபடம் போடுகிறவன், தேசப்படமும் தெரியும். வாய் அரிக்கும்போதெல்லாம் 'இல்லாத நாடு' என்று அவரைச் சீண்டியவனும் நான்தான்.

"ஹை," என்றேன். "இருக்கு, நகுதா."

காக்கா வாயைத் துடைத்துக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே, இருக்கிறது இருக்கிறது என்று அரபியில் வழிமொழிந்தார். "மவ்ஜூத்! மவ்ஜூத்!" நகுதா தலையை ஆட்டி, "அப்படின்னா சரி" என்றார். ரிபப்ளிக் வந்து என்னைக் கட்டிக்கொண்டார். விலா எலும்பு இரண்டு நாள் வலித்தது.

கான்டிராக்ட் முடிந்து அவர் போய்விட்டார். அப்புறம் அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. போன வருஷம் என் மகள் ஐரோப்பா டூர் போனவள், வெனிஸிலிருந்து போன் பண்ணினாள். "அப்பா, இத்தாலி ரொம்ப அழகா இருக்குப்பா!"

"நீ இத்தாலியில இல்லம்மா," என்றேன்.

"என்னப்பா சொல்றீங்க?"

போனைச் செல்லத்திடம் கொடுத்துவிட்டேன். அவள்தான் நிதானமாகச் சொன்னாள். "அது அப்பாவோட சிநேகிதர் நாடும்மா. பார்த்து, மரியாதையா நடந்துக்கோ."