முதல் பஸ்ஸும் பூனை நடையும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் தங்கை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இந்த வீட்டில் அனைவரும் நலம். நலம் மட்டுமல்ல, நன்றாகத் தூங்குகிறார்கள். அங்கே நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் அதேபோல் நலமாக இருக்க வேண்டும், ஆனால் இவ்வளவு தூங்க வேண்டாம். மரியாதை இத்தோடு முடிந்தது. இனிமேல் கோபம்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நான் எப்போது போனை எடுத்தாலும் இந்த வீட்டில் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருக்கிறார். அதனால் டிப்போ ஓய்வறையில், கால் உடைந்த மேசையை முழங்காலால் முட்டுக்கொடுத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மேசைமேல் பழி போடுங்கள். வார்த்தை கோணலாக இருந்தால் உங்கள் மாப்பிள்ளைமேல் போடுங்கள்.

கல்யாணம் பேசிய அன்று என் மாமியார் என்ன சொன்னார், நினைவிருக்கிறதா? "பஸ் ஓட்டுற பொண்ணு மருமகளா வந்தா எங்களுக்குப் பெருமைதான்." நீங்களும் அதைக் கேட்டுத் தலையை ஆட்டினீர்கள். நான் பத்து மணி பஸ் ஓட்டியவரைக்கும் அந்தப் பெருமை இருந்தது. போன மாதம் டிப்போவில் எனக்கு முதல் பஸ்ஸைக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி நர்ஸுகள், ரொட்டிக் கடை ஆட்கள், அலுவலகம் கூட்டுகிற பெண்கள் எல்லாம் போகிற பஸ். அது ஐந்து மணிக்கு நகர வேண்டும் என்றால் நான் நாலு மணிக்கு முன்பே எழுந்தாக வேண்டும். மூன்றாவது நாளே வீட்டில் என்னை நடுவில் உட்காரவைத்துப் பஞ்சாயத்து.

"உன்னை எழுந்திருக்க வேண்டாம்னு யாரும்மா சொன்னா? தாராளமா எழுந்திரு. சத்தமில்லாம எழுந்திரு, அவ்வளவுதான்" என்றார் அத்தை. "அண்ணி, நீங்க பல் விளக்குறது எனக்குச் சுவரைத் தாண்டிக் கேட்குது" என்றாள் நாத்தனார். உங்கள் மாப்பிள்ளை என் பக்கம் பேசுவார் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "நீ எழுந்ததும் மெத்தை உன் பக்கம் தூக்கிக்குது. நான் உருளுறேன்" என்றார். ஏன் அண்ணா, நான் எழுந்ததும் கூடவே மெத்தையும் எழுந்தால் அதற்கு நான் என்ன செய்வேன்?

இவர்கள் மெல்லிய தூக்கக்காரர்கள் என்றால் நானும் பொறுத்துப்போவேன். மாடி வீட்டுக்காரர் சுவரை இடித்துக் குளியலறை கட்டினார். ஞாயிற்றுக்கிழமை மதியம், கூரையே பெயர்ந்து விழுகிற மாதிரி இயந்திரம் அலறுகிறது. கீழே மூன்று பேரும் மூன்று சுருதியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். தண்ணீர்த் தொட்டி உடைந்து கூடத்தில் செருப்பெல்லாம் மிதந்தபோது உங்கள் மாப்பிள்ளை ஒரு கண்ணைத் திறந்து, "மழையா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தார். அப்படிப்பட்ட மனிதர்கள் நான் ஒரு கொட்டாவி விட்டால் மட்டும் வாரிச்சுருட்டிக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள்.

சரி, வாழ வந்த இடம், அனுசரிப்போம் என்று ஆரம்பித்தேன். அலாரம் கூடாது என்றார்கள். போனை அதிர்வில் வைத்து இடுப்பில் செருகிக்கொண்டு படுத்தேன். விடியலில் அது உறுமியதும், கரப்பான்பூச்சி என்று நினைத்து வீடே அதிரக் கத்தினேன். என்னை மின்சாரம் தாக்கிவிட்டது என்று அத்தை ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தார். மின்விசிறிகள் நின்று எல்லோரும் வேர்த்துப்போய், அன்று பகல் முழுக்க அந்த வேர்வைக்கும் நானே பொறுப்பு என்று பேச்சு. விளக்கும் போடக் கூடாது என்றார்கள். இருட்டில் தடவிப் பல் விளக்கினேன். பற்பசை என்று நான் பிதுக்கியது நாத்தனாரின் மூட்டுவலிக் களிம்பு. "என்னக்கா, வாய் ஏன் இப்படிக் கோணிக்கிட்டு இருக்கு?" என்று கண்டக்டர் கேட்டான். பதில் சொல்ல நாக்கு வேண்டுமே, அது மரத்துப்போயிருந்தது. இன்னொரு நாள் வலது காலில் என் ஷூ இல்லை, உங்கள் மாப்பிள்ளையின் ஷூ. பிரேக்கை மிதித்தால் ஷூ மிதிக்கிறது, கால் உள்ளே சும்மா நிற்கிறது. டிப்போ வாசலைத் தாண்டுவதற்குள் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு ஓட்டினேன். டீ டம்ளரில் கரண்டி பட்டால் சத்தம் வரும் என்று சர்க்கரையைக் கலக்காமல் குடிக்கப் பழகினேன். முதல் வாய் கஷாயம், கடைசி வாய் பாகு. வாசல் தாழ்ப்பாள் கிறீச்சிடுகிறது என்றார்கள், எண்ணெய் விட்டேன். அது வழுவழுவென்று ஆகி, நான் போனபின் தானே விலகிக் கதவு ஆவென்று திறந்து கிடந்ததாம். "வீட்டைத் திறந்து போட்டுட்டுப் போறவளை என்ன சொல்றது?" என்று அன்றோடு எனக்கு முன்வாசல் தடை. சமையலறைக் கதவு வழியாகப் போய், சந்துக்கேட் பூட்டியிருப்பதால் மதிலேறிக் குதித்துத்தான் வேலைக்குப் போக வேண்டும். அரசாங்கச் சீருடை போட்டுக்கொண்டு மதிலேறுகிறேன், அண்ணா.

போன செவ்வாய்க்கிழமை அதிலும் மாட்டிக்கொண்டேன். ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, பையை முதுகில் மாட்டிக்கொண்டு, ஒரு கால் மதிலுக்கு அந்தப் பக்கமும் ஒரு கால் இந்தப் பக்கமுமாக உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். தெருவே அவரைக் கமிஷனர் என்றுதான் கூப்பிடும். தபால் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர், போலீஸ் ஸ்டேஷனை வெளியிலிருந்துகூடப் பார்த்ததில்லை. அவர் "திருடன், திருடன்" என்று கூவியதில் தெரு முழுக்க விளக்கு எரிந்தது. துடைப்பத்தோடு ஒருவர், குடையோடு ஒருவர், பல் துலக்கும் நுரையோடு ஒருவர். அரைத்தூக்கத்தில் யாருக்கும் என்னை அடையாளம் தெரியவில்லை, என் காலை ஒருவர் பிடித்துக்கொண்டார். "நான் இந்த வீட்டு மருமகளுங்க" என்றேன். பழக்கதோஷம், அதையும் கிசுகிசுப்பாகச் சொன்னேன்.

"பாருங்க, ரகசியமாப் பேசுறா. கூட்டாளி யாரோ உள்ளே இருக்கான்" என்றார் கமிஷனர்.

மணியை அடித்தார்கள். கதவைத் தட்டினார்கள், பிறகு இடித்தார்கள். ஒரு தெருவே திரண்டு இடிக்கிறது, உள்ளே ஒரு அசைவு இல்லை. "ஆளில்லாத வீடுன்னு பார்த்துத்தான் வந்திருக்கா" என்று தீர்ப்பும் ஆகிவிட்டது. போலீஸைக் கூப்பிட யாரோ போனை எடுத்தார்கள். நான், "ஒரு நிமிஷம் என்னை விடுங்க" என்று கெஞ்சி, படுக்கையறை ஜன்னல் ஓரமாகப் போய், மெதுவாக ஒரு கொட்டாவி விட்டேன்.

உள்ளே விளக்கு எரிந்தது.

உங்கள் மாப்பிள்ளை கதவைத் திறந்தார். கூட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கொஞ்சம் சத்தமில்லாம போகக் கூடாதா?" என்றார். "தம்பி, இது உங்க வீட்டுப் பொண்ணுதானா?" என்று கமிஷனர் கேட்டதற்கு, "ஆமாங்க. தினமும் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனார். தினமுமாம்.

அன்று பஸ் அரைமணி நேரம் தாமதம். நிறுத்தத்தில் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். அலுவலகம் கூட்டுகிற அம்மா ஒருவர் ஏறும்போது, "உன்னை நம்பித்தானேம்மா நிக்கிறோம். இன்னைக்கு எனக்கு அரை நாள் சம்பளம் போச்சு" என்றார். திட்டக்கூட இல்லை. சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மதிலில் காலைப் பிடித்தபோதுகூட வராத அழுகை எனக்கு அப்போது வந்தது. கண்ணைத் துடைக்கவும் முடியாது, இரண்டு கையும் ஸ்டியரிங்கில்.

அன்று சாயங்காலம் கூடத்தின் நடுவில் நின்று, "நாளையிலிருந்து நான் மனுஷி மாதிரி எழுந்திருப்பேன். விளக்கைப் போடுவேன், முன்வாசல் வழியாப் போவேன்" என்றேன். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தை என் தலையைத் தடவி, "பாவம், உனக்குத் தூக்கம் பத்தலைம்மா. அதான் கோபம் வருது. போய்ப் படு" என்றார். அண்ணா, பக்கத்திலிருந்த சுவரைக் கடித்திருப்பேன்.

ஆகவே சொல்கிறேன். எங்கள் டிப்போவில் ஷிப்ட் போடுகிறவர் உங்களோடு ஒரே பெஞ்சில் படித்தவர். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லி என்னை மதிய ஷிப்டுக்கு மாற்றிவிடுங்கள். அது முடியாவிட்டால் நேரில் வந்து உங்கள் மாப்பிள்ளையை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேளுங்கள். அதுவும் முடியாவிட்டால் உங்கள் வீட்டுப் பின்னறையைக் காலி செய்து வையுங்கள், பெட்டியோடு வருகிறேன்.

அண்ணிக்கு என் அன்பு. உங்களை ஆசீர்வதிக்க எனக்கு வயதில்லை, அதனால் பிள்ளைகளுக்கு மட்டும்: எழுப்பினால் எழுந்திருக்கிற மனிதர்களாக அவர்கள் வளரட்டும்.

இப்படிக்கு,
கோபம் ஆறாத தங்கை

பி.கு.: இதைத் தபாலில் போட நேரமில்லாமல் ஒரு வாரம் பையிலேயே கிடந்தது. அதற்குள் மதில் விஷயம் கண்டக்டர் வாய் வழியாக டிப்போ முழுக்கப் பரவி, உங்கள் நண்பரே என்னைக் கூப்பிட்டு மதிய ஷிப்ட் கொடுத்துவிட்டார். நானும் நிம்மதியாக எட்டு மணிக்கு எழுந்தேன். எல்லோரும் விழித்திருந்தார்கள். அண்ணா, பத்து மணி பஸ் நாட்களில் குளித்துவிட்டு ஓடவே நேரம் சரியாக இருந்ததால், இந்தக் குடும்பத்தைக் காலை நேரத்தில் விழித்த நிலையில் நான் அதுவரை முழுதாகப் பார்த்ததில்லை. அத்தை தன் மூக்குக்கண்ணாடியை நான் எங்கே ஒளித்தேன் என்று கேட்கிறார். அது அவர் மூக்கில் இருக்கிறது. குளியலறைக்குள் இருந்துகொண்டு நாத்தனார் துண்டு, சோப்பு, சீப்பு என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறாள். உங்கள் மாப்பிள்ளை பேப்பரைச் சத்தமாகப் படித்து, ஒவ்வொரு செய்திக்கும் என் கருத்து என்ன என்கிறார். மூன்று பேருக்கும் மூன்று விதமாக டீ. மூன்றாம் நாள் டிப்போவுக்கு ஓடிப்போய் முதல் பஸ்ஸைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன். "என்னம்மா, மறுபடியும் அந்தக் கஷ்டமா?" என்றார் உங்கள் நண்பர். "பரவாயில்லை சார், அந்த நேரத்துல அவங்க தூங்குறாங்க" என்றேன். கொடுத்துவிட்டார். அதனால் அவரிடம் நீங்கள் ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். பின்னறையில் இருப்பது அப்படியே இருக்கட்டும். இன்று காலை டீயை எடுத்துக்கொண்டு சமையலறைத் தரையில் இருட்டில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். வீடு முழுக்க எனக்கே எனக்கு. கொசு ஒன்று கையில் உட்கார்ந்து நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தது. அடிக்கவில்லை. சத்தம் கேட்டு யாராவது எழுந்துவிட்டால் என்ன செய்வது?